பாரிஸில் நல்ல ஜப்பானியச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

போன இதழில் ஒபேரா பக்கத்து ஜப்பானிய உணவகங்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் நிறைய. எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றி இருப்பதால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் கல்யாண நாளுக்கு ஒரு நல்ல ஜப்பானியச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று ஆசை. ஆனால் தெருவுக்குத் தெரு 'ஜப்பானிய உணவகம்' என்று பலகை தொங்குகிறது. எது நல்ல கடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – லா கூர்னெவ் வாசகி

சகோதரி, பிரான்சில் எந்த உணவகமாக இருந்தாலும் விலைப் பட்டியலை வாசலில் மாட்டியே ஆக வேண்டும், அதனால் உள்ளே போகாமலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். பட்டியலில் சுஷியும் இருக்கிறது, குச்சியில் சுட்ட இறைச்சியும் இருக்கிறது, நூடுல்ஸும் இருக்கிறது, கூடவே நாலு தாய்லாந்து அயிட்டம், எல்லாவற்றுக்கும் எண் போட்ட 'மெனு', எந்த மெனு எடுத்தாலும் முதலில் காளான் மிதக்கும் ஒரு சூப்பும் முட்டைக்கோஸ் சாலடும் வரும், அப்புறம் சீஸை மாட்டிறைச்சியில் சுற்றிச் சுட்ட குச்சி என்றால், அது பிரான்சிலேயே உருவான ஒரு தனி வகைக் கடை. குறைந்த காசில் வயிறு நிறையும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும், வார நாளில் அவசரத்துக்குப் போகலாம். கல்யாண நாளுக்கு அங்கே போக வேண்டாம்.

நான் பார்க்கிற முதல் அடையாளம் பட்டியலின் நீளம். ஜப்பானில் உதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) கடை உதோன்தான் போடும், ராமேன் (கனமான சாற்றில் வரும் நூடுல்ஸ்) கடை ராமேன்தான் போடும், தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி, இறால்) செய்கிறவர் வாழ்நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால்தான் நிற்பார். அதே மாதிரி ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பச் செய்கிற கடைகள் பாரிஸிலும் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் போனால் ஏமாற மாட்டீர்கள்.

மெத்ரோ 7 அல்லது 14 பிடித்து பிரமிட் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சேந்த் ஆன் வீதியும், அதைச் சுற்றியுள்ள பெத்தி ஷான், ரிஷ்லியு, அர்ஜான்தேய் வீதிகளும்தான் பாரிஸின் ஜப்பானியப் பகுதி. 1970-களிலிருந்து ஜப்பானிய நிறுவனங்கள், வங்கிகள், பயண முகவர்கள் எல்லாரும் ஒபேராவைச் சுற்றி அலுவலகம் போட்டார்கள், அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போட வந்த கடைகள் அப்படியே வேரூன்றிவிட்டன. இப்போது அதே வீதியில் கொரிய, சீன, தாய்வான் கடைகளும் கலந்துவிட்டன, அதனால் வீதிக்குள் வந்துவிட்டோம் என்பதற்காக முதலில் கண்ணில் பட்ட கதவைத் திறந்துவிடாதீர்கள்.

கடைக்காரர் ஜப்பானியரா என்று பார்க்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை என்பதுதான் என் கருத்து. ஜப்பானிய அரசே 2006-இல் வெளிநாட்டு உணவகங்களைச் சோதித்து 'இது அசல்' என்று சான்றிதழ் கொடுக்கலாம் என்று யோசித்தது, 'சுஷி போலீஸ்' என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதித் தள்ளியதில் அந்த யோசனை கைவிடப்பட்டது. பத்து வருடம் கழித்து 2016-இல் வேறு மாதிரி வந்தார்கள்: வெளிநாட்டுச் சமையல்காரர்கள் கற்ற பயிற்சியைப் பார்த்து தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கிறார்கள். எந்த நாட்டில் பிறந்தார் என்பதை விட்டுவிட்டு என்ன கற்றார் என்று பார்ப்பது சரியான முடிவு. பாரிஸில் வரிசை கட்டி நிற்கிற கொதவாரி ராமேன் கடைகளைத் தொடங்கியவரே முன்பு விமானியாக இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர்தான்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்வது சுஷி இல்லை, உதோன். ரிஷ்லியு வீதிப் பக்கம் குனிதோராயா, அர்ஜான்தேய் வீதியில் சானுகியா. இரண்டும் கோதுமை நூடுல்ஸுக்குப் பெயர் போனவை. கிண்ணம் வந்ததும் நூடுல்ஸை ஒன்று தனியாகத் தூக்கிப் பாருங்கள்: பென்சில் பருமனுக்குச் சற்றுக் குறைவாக, வெள்ளையாக, ஓரம் மழுங்காமல் சதுரமாக வெட்டியது தெரிய வேண்டும், கடித்தால் வெளியே வழுக்கி உள்ளே பல்லை எதிர்க்க வேண்டும். சாற்றின் அடியில் கிண்ணத்தின் கோலம் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும், ஆனால் வாயில் வைத்தால் ருசி நீண்ட நேரம் நிற்கும். தெம்புராவைத் தனித் தட்டில் கேளுங்கள், சாற்றில் ஊறிவிட்டால் அதன் மொறுமொறுப்பு போய்விடும். இரவு ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள், எட்டு மணிக்குப் போனால் வீதியில்தான் கல்யாண நாள்.

கேள்வி: அண்ணா, நான் மாணவன். கையில் பதினைந்து யூரோ இருந்தால் அதிகம். நான் சேந்த் ஆன் வீதிப் பக்கம் போகலாமா? – பாரிஸ் 13-ஆம் வட்டார வாசகர்

தாராளமாகப் போகலாம் தம்பி, மத்தியானத்தில் போங்கள். அலுவலகக்காரர்களுக்காக மத்தியானம் தனி விலை வைப்பது இந்தப் பகுதியின் பழக்கம், இரவில் கூடுதல் காசுக்குக் கிடைப்பது பகலில் சோறு, சூப், ஊறுகாயோடு ஒரே தட்டமாக வரும். ஒரு கிண்ணம் ராமேன் பெரும்பாலும் உங்கள் பணத்துக்குள் அல்லது ஓரிரண்டு யூரோ கூடுதலாக முடிந்துவிடும். நாரிதாகே என்று பெத்தி ஷான் வீதியில் ஒரு கடை, பன்றிக் கொழுப்பு மேலே மிதக்கிற கனமான சாறு, பசியோடு போகிறவர்களுக்கு ஏற்றது. கொதவாரிக்கு ரிஷ்லியு வீதியில் ஒரு கிளை இருக்கிறது, உள்ளே போனால் தோக்கியோவின் பழைய சுகிஜி மீன் சந்தை மாதிரியே அமைத்திருக்கிறார்கள், சாறும் மீனில் எடுத்ததுதான். நிஜச் சந்தையின் மொத்த வியாபாரம் 2018-இல் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

ராமேன் கடைகளில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, வரிசையில்தான் நிற்க வேண்டும். பன்னிரண்டுக்கு முன்னால் போனால் நிம்மதி. உட்கார்ந்ததும் குடிக்க என்ன என்று கேட்பார்கள், 'கராஃப் தோ' என்று சொன்னால் குழாய்த் தண்ணீர் இலவசம், அது சட்டப்படி உங்கள் உரிமை, தயங்கவே வேண்டாம். சேவைக் கட்டணமும் விலைக்குள்ளேயே இருக்கிறது. சாப்பிட்டு முடித்தால் எழுந்துவிடுங்கள், வெளியே நிற்கிறவருக்கும் பசிதானே.

அதைவிடச் செலவு குறைய வேண்டுமென்றால் சேந்த் ஆன் வீதியிலேயே பெந்தோ என்கிற சாப்பாட்டுப் பெட்டி விற்கிறார்கள், ஒனிகிரி என்கிற சோற்று உருண்டை விற்கிறார்கள். வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் பலே ருவாயல் தோட்டம். வெயில் நாளில் எனக்கு மிகவும் பிடித்த மத்தியானச் சாப்பாடு அதுதான்.

கேள்வி: என் அம்மா ஊரிலிருந்து வருகிறார். சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பிள்ளைகளுக்கோ ஜப்பானியச் சாப்பாடுதான் வேண்டுமாம். எல்லாரும் ஒன்றாக எங்கே சாப்பிடுவது? – சார்செல் வாசகர்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஜப்பானியச் சமையலில் மீன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. 'தாஷி' என்கிற சாறு எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது, அது பெரும்பாலும் கொம்பு என்கிற கடல்பாசியையும், காய வைத்துப் புகையூட்டிய மீனைச் சீவிய கட்சுவோபுஷியையும் போட்டு எடுப்பது. மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) சூப்பில் அது உண்டு. உதோன் சாற்றில் உண்டு. காய்கறித் தெம்புரா என்று கேட்டு வாங்கினால் தொட்டுக்கொள்ளும் சாற்றில் உண்டு. குளிர்ந்த சோபா நூடுல்ஸைத் தோய்த்துச் சாப்பிடும் கிண்ணத்தில் உண்டு. தோஃபுவைப் பொரித்து மேலே ஊற்றும் சாற்றிலும் அதுதான். இனிப்பாக இருக்கும் இனாரி சுஷியின் தோஃபுப் பையைக்கூடப் பல கடைகளில் அதில்தான் வேக வைக்கிறார்கள்.

பரிமாறுகிறவரிடம் 'சைவமா?' என்று மட்டும் கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும், இறைச்சி இல்லை என்பதைத்தான் அவர் சொல்கிறார். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: புய்யோனில் (சாற்றில்) புவாசோன் (மீன்) இருக்கிறதா, கட்சுவோ இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் சமையலறைக்குள் போய் விசாரித்துவிட்டு வந்து உண்மையைச் சொல்வார்கள்.

அம்மா தைரியமாகச் சாப்பிடக்கூடியவை: வெள்ளரிக்காய் அல்லது அவகாடோ வைத்துச் சுருட்டிய மாகி, உப்புப் போட்டு அவித்த எதமாமே (பச்சைச் சோயாக் காய்), உமேபோஷி என்கிற புளிப்பு உப்புக் கனி வைத்த ஒனிகிரி, வெறும் சோறு. ஊறுகாயைக் கேட்டுவிட்டு எடுங்கள், சிலவற்றில் கட்சுவோ சேர்ப்பார்கள். தெம்புரா மாவில் முட்டை இருக்கலாம், அதையும் கேட்க வேண்டும், இல்லை என்றால் சாற்றுக்குப் பதில் உப்பு தரச் சொல்லித் தொட்டுக்கொள்ளலாம். ஒகோனோமியாகி என்கிற முட்டைக்கோஸ் அடை வேண்டவே வேண்டாம், மாவில் முட்டை, மேலே ஆடுகிற சீவல் கட்சுவோபுஷி. இப்போது பல ராமேன் கடைகளில் 'வேகன்' என்று ஒரு கிண்ணமாவது வைத்திருக்கிறார்கள், கொம்பும் காளானும் சோயாப் பாலும் சேர்த்த சாறு. அம்மாவுக்கு அதுவும் பிள்ளைகளுக்கு அவரவர் விருப்பமும் என்று ஒரே மேசையில் முடித்துக்கொள்ள ராமேன் கடைதான் சுலபம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜப்பானியக் கறி சோற்றின் குழம்புக் கட்டியில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, கோழிக் கறி என்று எழுதியிருந்தாலும் கேட்டுவிடுங்கள். ஹலால் பார்க்கிறவர்களுக்கு ராமேன் சாற்றிலுள்ள பன்றி எலும்பு மட்டுமல்ல, சமையலில் ஊற்றும் அரிசி மதுவான சாகேயும், இனிப்பு அரிசி மதுவான மிரினும் பிரச்சினைதான்.

கேள்வி: பச்சை மீன் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதா? – இவ்ரி வாசகி

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35 டிகிரியில் 15 மணி நேரம் உறைய வைத்திருக்க வேண்டும். அனிசாகிஸ் என்கிற புழுவைக் கொல்வதற்காக. புழு வராத தீவனம் போட்டு வளர்த்த பண்ணை மீனுக்கு விலக்கு உண்டு, பாரிஸில் சாப்பிடும் சால்மன் பெரும்பாலும் அந்த வகைதான். இந்த விதி வீட்டுக்காரர்களுக்குத் தெரிவதில்லை, சந்தையில் 'இன்று காலை வந்தது' என்று வாங்கிவந்து அப்படியே அறுத்துச் சாப்பிடுவதுதான் ஆபத்து. கர்ப்பிணிகள் பச்சை மீனைத் தவிர்க்க வேண்டும் என்பதுதான் இங்கே மருத்துவர்கள் சொல்வது, அதில் விலக்கு கேட்காதீர்கள்.

கேள்வி: ஒரு முறையாவது நல்ல சுஷிக்காகப் பெரிய தொகை செலவழிக்கலாம் என்று சேர்த்து வைத்திருக்கிறேன். எதைப் பார்த்துத் தேர்வு செய்வது? – பாரிஸ் வாசகர்

சோற்றைப் பாருங்கள். சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம், இதில் நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சில்லென்ற சோற்று உருண்டைமேல் ஒரு துண்டு சால்மனை ஒட்டி வைத்தால் மீன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை. நல்ல கடையில் சோறு உடம்புச் சூட்டில் இருக்கும், வினிகர் மணம் மூக்கில் லேசாக ஏறும், விரலால் எடுக்கும்போது உதிராது, நாக்கில் வைத்ததும் பருக்கை பருக்கையாகப் பிரியும். அதைக் கையால் பிடித்து உங்கள் முன்னால் வைத்த உடனே சாப்பிட வேண்டும், ஓரிரண்டு நிமிடம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் அந்தச் சூடு போய்விடும். கையால் எடுத்துச் சாப்பிடுவது முழுக்க முறையானதுதான். சமையல்காரர் ஏற்கெனவே மேலே சோயா தடவியிருந்தால் மறுபடி தோய்க்காதீர்கள், தடவவில்லை என்றால் மீன் பக்கமாகத் தோயுங்கள், சோற்றுப் பக்கம் தோய்த்தால் குடித்துவிடும்.

இரண்டாவது, என்ன மீன் என்று கேளுங்கள். சால்மனும் சூரையும் மட்டும் வைத்திருக்கிற கடையைவிட, பிரான்சின் மேற்கிலுள்ள பிரெத்தாஞ் கரையிலிருந்து வந்த கடல் பிறீம், கானாங்கெளுத்தி, குளிர்காலத்தில் சேன் ழாக் சிப்பி என்று இந்த நாட்டு மீனைப் பருவம் பார்த்துப் போடுகிற கடைதான் உழைக்கிற கடை. சேன் ழாக் பருவம் அக்தோபர் முதல் மே நடு வரை. சால்மனைச் சுஷியில் போடுவதே பழைய ஜப்பானிய வழக்கம் கிடையாது, 1980-களில் நோர்வே நாட்டுக்காரர்கள் தங்கள் மீனை ஜப்பானில் விற்பதற்கு மெனக்கெட்டதில் வந்தது. அதனால் சால்மன் இல்லாத கடையைப் பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள்.

சமையல்காரருக்கு எதிரே உட்காருகிற எட்டுப் பத்து இருக்கைக் கடைகளில் இரவு ஒருவருக்கு நூறு யூரோ சுலபமாகத் தாண்டும். ஷான்செலிஸே தோட்டத்தில் லெதுவாயன் மண்டபத்திலுள்ள பிரெஞ்சுச் சமையல்காரர் யானிக் அலெனோவின் 'லாபிஸ்' மாதிரி இடங்களில் அதற்கும் மிக மேலே. மத்தியானத்தில் விலை இறங்குகிற கடைகள் இருக்கின்றன, முதல் அனுபவத்துக்கு அதுவே போதும். முன்பதிவில் வங்கி அட்டை எண் கேட்பார்கள், கடைசி நேரத்தில் போகாவிட்டால் பணம் பிடிப்பார்கள், விதியைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

கேள்வி: மூன்று மிஷ்லான் நட்சத்திரம் வாங்கிய 'கே' என்ற உணவகம் ஜப்பானிய உணவகம்தானே? – வாசகர்

இல்லை. கே கொபயாஷி ஜப்பானியர், பிரான்சில் மூன்று நட்சத்திரம் வாங்கிய முதல் ஜப்பானியச் சமையல்காரர், ஆண்டு 2020. அவர் சமைப்பது பிரெஞ்சுச் சமையல். அருமையான இடம், சுஷி எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கேள்வி: இனிப்பு? – பல வாசகர்கள்

கொன்கோர்த் பக்கத்தில் சேன் ஃப்ளோரான்தான் வீதியில் தோராயா. கியோத்தோவில் தொடங்கி ஜப்பானிய அரண்மனைக்கே பலகாரம் கொடுத்த பழைய வீடு, பாரிஸில் 1980 முதல். சிவப்புப் பயறும் சர்க்கரையும் கடல்பாசியும் சேர்த்துச் செய்த யோகானை மெல்லிசாக வெட்டி, பச்சைத் தேநீரோடு தருவார்கள். பாலும் முட்டையும் சேராத பலகாரம் என்பதால் சார்செல் வாசகர் அம்மாவை அங்கே கூட்டிப் போகலாம். பிள்ளைகளுக்கு சேந்த் ஆன் வீதியில் ஆகி பூலான்ழே, மெலோன் பான் என்கிற இனிப்பு பன்னும், மாட்சா (பச்சைத் தேநீர்ப் பொடி) போட்ட ரொட்டிகளும். ஷபானே வீதியில் தோமோ, அங்கே தோராயாகி (நடுவில் பயற்றுப் பூரணம் வைத்த அடை).

கேள்வி: தங்கை ஜெர்மனியில் தூசல்தோர்ஃபில் இருக்கிறாள். பாரிஸைவிட அங்கே நன்றாக இருக்கும் என்கிறாள். உண்மையா? – வாசகி

ராமேனுக்கும் அன்றாடச் சாப்பாட்டுக்கும் அவர் சொல்வதை நம்பலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் குடும்பத்தோடு வந்து தங்கிய ஊர் அது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், இம்மர்மான் வீதி. அங்கே குடும்பங்கள் வாடிக்கையாளர்கள், அதனால் கடைகளும் வீட்டுச் சாப்பாடு மாதிரி. தங்கையைப் பார்க்கப் போகும்போது ஒரு நேரத்தை ஒதுக்குங்கள்.

கேள்வி: வீட்டில் மிசோ சூப் வைத்தேன். விலை கூடிய மிசோ வாங்கியும் கடைச் சூப் மாதிரி வரவில்லை, சப்பென்று இருக்கிறது. – போபிஞி வாசகி

மிசோமேல் பழியைப் போடாதீர்கள், குழாய்த் தண்ணீரைப் பாருங்கள். பாரிஸ் வட்டாரத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கெத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறோம். ஜப்பானில் தண்ணீர் மென்மையானது. கடினத் தண்ணீரில் கொம்பின் சாரம் சரியாக இறங்காது, அதனால்தான் இங்குள்ள நல்ல ஜப்பானியச் சமையல்காரர்கள் தண்ணீரை வடிகட்டுகிறார்கள் அல்லது போத்தல் தண்ணீர் வாங்குகிறார்கள். வீட்டுக்கு வோல்விக் போதும், அது மென்மையான தண்ணீர்.

கட்சுவோபுஷி விஷயத்திலும் ஒரு கதை உண்டு. புகையூட்டும்போது உண்டாகும் சில பொருட்களின் அளவு ஐரோப்பிய வரம்பைத் தாண்டுவதால் ஜப்பானிலிருந்து அதைக் கொண்டுவருவது பெரிய தலைவலியாக இருந்தது. கடைசியில் அந்த மீனுக்குப் பெயர் போன மகுராசாகி ஊர்க்காரர்களே பிரெத்தாஞ்சில் கொன்கார்னோ துறைமுகத்துக்கு வந்து 2016-இல் தொழிற்சாலை போட்டு, ஐரோப்பிய விதிக்குப் பொருந்துகிற மாதிரி இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி, ஒரு சாற்றுக்காக ஒரு ஊரே கடல் தாண்டி வந்திருக்கிறது.

பெத்தி ஷான் வீதியில் கியோகோ என்ற ஜப்பானிய மளிகைக் கடையில் கொம்பு, மிசோ, அரிசி எல்லாம் கிடைக்கும். அரிசியில் இத்தாலியில் விளைந்த ஜப்பானிய வகையை எடுத்தால் விலை குறைவு, வீட்டுக்கு நன்றாகவே இருக்கும். ஒரு லிட்டர் வோல்விக்கில் பத்து கிராம் கொம்பை இரவே ஊறப் போடுங்கள். காலையில் மெல்லிய தீயில் சூடாக்கி, ஓரத்தில் சின்னக் குமிழி வரும்போதே கொம்பை எடுத்துவிடுங்கள், கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். அசைவக்காரர்கள் அதன் பிறகு கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்து, ஒரு பெரிய கைப்பிடி கட்சுவோபுஷி போட்டு, அது அடியில் இறங்கியதும் பிழியாமல் வடிகட்டலாம். மிசோவைக் கடைசியில், தீ இல்லாமல், கரண்டியில் கரைத்துச் சேருங்கள். கொதிக்கிற சாற்றில் போட்டால் மணம் அத்தனையும் ஆவியோடு போய்விடும்.